பதினொன்று வரை

ஏழாவது டக் கேட்டது. உலகம்மாள் இலையில் தூளை வைத்து உருட்டினாள், தலையை மடக்கினாள், நூலைச் சுற்றினாள், தட்டில் போட்டாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, காது மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் கிடந்த செல்போனிலேயே இருந்தது. புளியங்குடிக்கு மேற்கே மலையடியில் நிற்கிற அறுபது மீட்டர் டவரில் அவள் புருஷன் ஆவுடையப்பன் ஏறிக்கொண்டிருக்கிறான். இவள் சுரண்டையில் வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றியபடி அவன் ஏறுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊரில் பெண்கள் மத்தியானத்தில் சீரியல் கேட்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், புருஷன் ஏறுவதைக் கேட்கிறவள் தான் ஒருத்திதான் என்று நினைக்கும்போது அவளுக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரும். அவன் கழுத்தில் புளூடூத் மாட்டியிருக்கிறான். ஏணியில் கால் வைக்குமுன் போன் போடுவான், திரும்பத் தரையில் கால் வைக்கிற வரை கட் பண்ண மாட்டான். ஆனால் பேச மாட்டான். அவளும் பேசக் கூடாது, அதுதான் சட்டம். இடுப்பு பெல்ட்டில் இரண்டு கயிறு, இரண்டு நுனியிலும் ஹூக்கு. ஒன்றைக் கழற்றி மேலே மாட்டின பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது மெலிசாக ஒரு கிளிக், மாட்டும்போது கனமாக ஒரு டக். கிளிக் வந்தால் பின்னாலேயே டக் வந்தாக வேண்டும். எட்டு. வந்துவிட்டது. இந்த டவருக்கு நாற்பது டக். நாற்பதுக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. உச்சிக்குப் போனதும் இரண்டு கிளிக் கேட்கும், நடுவில் டக் இருக்காது. இரண்டு ஹூக்கையும் கழற்றிவிட்டு, எந்தக் கயிறும் இல்லாமல், இருநூறு அடி உயரத்தில் சும்மா நிற்பான். அவள் மனசுக்குள் எண்ணுவாள். பதினொன்றில் டக், டக், அவனும் எண்ணித்தான் நிற்கிறான். நாலு வருஷமாக இப்படி. இன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தாள். ஏறுமுன் போன் வந்தது, வாயைத் திறந்தாள், சாப்ட்டியளா என்று கேட்டாள். ரசம் புளிப்பு என்றான் அவன். அவ்வளவுதான், ஏற ஆரம்பித்துவிட்டான்.

பத்து. பதினொன்று. இல்லை, இது அந்தப் பதினொன்று இல்லை, இது ஏற்றத்தின் பதினொன்று, இதற்கெல்லாம் நெஞ்சு அடிக்கக் கூடாது. காற்று வேறு இன்று பேயாட்டம் ஆடுகிறது. ஆடி மாசத்தில் மலையடியில் ஏறச் சொல்கிறவனைக் கூட்டி வந்து அடி ஏணியிலாவது நிறுத்தி வைக்க வேண்டும். போனுக்குள் காற்று துணி கிழிகிற மாதிரிக் கேட்கிறது, அதற்குள்ளும் டக் தனியாகத் தெரிகிறது, ஏனென்றால் அந்தச் சத்தத்தை அவள் படித்து வைத்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் பெல்ட் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும். அவன் குளிக்கப் போகிற நேரத்தில் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஹூக்கைத் திறந்து திறந்து மூடுவாள். வாய் திறக்கும்போது கிளிக், மூடும்போது டக். குழந்தைக்குக் கிலுகிலுப்பை மாதிரி அவளுக்கு அது. அந்த வருஷம் ஒருநாள் அவன் மத்தியானம் ஏறப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சாயங்காலம் ஏழு வரை போன் எடுக்கவில்லை. இவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுவிட்டாள், கால் செருப்பு இரண்டும் வேறு வேறு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவன் புரோட்டா பார்சலோடு இறங்கி வந்தான், சார்ஜ் இல்லை என்றான். அந்தப் பார்சலை அவன் தலையில் கவிழ்க்காமல் விட்டது அவளுடைய பெரிய மனசு. அன்றிலிருந்துதான் இந்த ஏற்பாடு: ஏறினால் போன் திறந்திருக்க வேண்டும், பேச வேண்டாம், சத்தம் கேட்டால் போதும். பாவம், தன் கழுத்தில் தானே மணியைக் கட்டிக்கொண்டோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டினவளுக்கும்தான் தெரியவில்லை, அந்த மணி ஒருநாள் ஒலிக்காமல் நின்றுவிடப் போகிறது என்று. நாலு வருஷத்துக்கு முன், பொங்கலுக்கு முந்தின நாள் அது. வீடு வெள்ளையடித்து சுண்ணாம்பு வாசம். கிளிக் என்றது, டக்குக்குக் காத்திருந்தாள், இன்னொரு கிளிக் என்றது. அப்புறம் காற்று மட்டும். கையிலிருந்த பீடி இலை அப்படியே நின்றது. என்ன நடந்தது என்று விளங்குவதற்குள் டக், டக் என்று வந்துவிட்டது, அவன் இருமினான், ஏதோ சினிமாப் பாட்டு முனகினான். அந்த முனகலில் ஒரு சந்தோஷம் இருந்தது. வீட்டில், கட்டிலில், கோயிலில், எங்கேயும் அவள் கேட்டிராத சந்தோஷம். அன்று இரவு சாப்பாடு போடும்போது கேட்க வாயெடுத்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்று கேட்டாள். அவன் போதும் என்று கையைக் காட்டினான்.

பதினேழு. பதினெட்டு. இருபதில் இளைப்பாற ஒரு மேடை இருக்கிறது, அங்கே நின்று தண்ணீர் குடிப்பான். மனசுக்குள் அவனை அவன் என்றுதான் சொல்லுவாள், வாயில்தான் அவிய, இவிய எல்லாம். அவிய ஏறாத டவர் இந்த வட்டாரத்தில் இல்லை. இதை எதிர்வீட்டு டீச்சரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்று டீச்சரைத்தான் கேட்க வேண்டும். போன புயலில் மூன்று நாள் ஒருத்தர் போனும் வேலை செய்யவில்லை. நாலாம் நாள் காலையில் தெருவில் ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் போன் கிணுகிணுவென்று அடித்தது. டீச்சர் மகனோடு பேசிக்கொண்டே வாசலுக்கு வந்து அழுதாள். உலகம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்க வேண்டிய இடம் அது. தெருவுக்கே காது கொடுத்தவன் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான் என்று உடம்பெல்லாம் நிறைந்தது. பெண் பார்க்க வந்தபோது அவள் அப்பா முகத்தைச் சுளித்தார், டவர் வேலையா, வேறு வேலை கிடைக்கவில்லையா என்று கேட்டார். இவள்தான் உள்ளே இருந்து ஒரு கேள்வி கேட்டனுப்பினாள், மேலே நின்றால் என்ன தெரியும் என்று. அவன் சத்தமாகப் பதில் சொன்னான், உள்ளே கேட்கட்டும் என்றே: எல்லாம் சின்னதாகத் தெரியும், போன மாசம் உங்கள் ஊர் டவரில் நின்றபோது பச்சைத் தாவணி ஒன்று மொட்டை மாடியில் இலை காயப் போட்டதும் தெரிந்தது. அப்பா அதற்கும் முகத்தைச் சுளித்தார். பச்சைத் தாவணி கதவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. இருபது. நின்றுவிட்டான். பாட்டில் மூடி திருகுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். முப்பத்தொன்பது வயது மூச்சு. போன வருஷத்தைவிட இந்த மேடையில் அதிக நேரம் நிற்கிறான். இதையும் அவள் மட்டும்தான் அறிவாள். இப்போது சொல்லிவிடலாமா, இரண்டு ஹூக்கும் மாட்டித்தான் நிற்கிறான், பயமில்லை. ஏங்க என்றால் போதும். அடுத்த இலையை எடுத்துத் தூளை வைத்தாள். கிளிக். டக். இருபத்தொன்று.

சொல்லத்தான் வேண்டும், ஜெபசிங் டவரிலிருந்து விழுந்து போய் ஒன்பது நாள் ஆகிறது. ஆவுடையப்பனோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவன், கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டுக்கு ஒரு அண்டா பிரியாணி கொண்டு வந்து இறக்குகிறவன். அடக்கம் முடிந்து வந்து ஆவுடையப்பன் வாசலில் கால் கழுவினான், ஹூக்கு போடலையாம் என்று வாளியைப் பார்த்துச் சொன்னான். இரண்டு ஹூக்கும் பெல்ட்டின் வளையத்திலேயே தொங்கினவாம், கயிறில்லாமல் நின்று பார்த்திருக்கிறான் அவனும். நானும் அப்படித்தான் நிற்பேன் உலகு என்று சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. எஸ்தர் சொன்னதுதான் மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. ஜெபசிங் பெண்டாட்டி எஸ்தர், இருபத்தெட்டு வயது, இவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாதுக்கா, தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா என்றாள். ஒரு தடவை இல்லை, நாற்பது தடவை சொன்னாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். உலகம்மாள் தலையை ஆட்டினாள். விட்டிருக்க மாட்டே, ஆமா, நீ எப்படி விடுவே. எஸ்தருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எஸ்தர் விட்டிருக்க மாட்டாள். நான் விட்டேன், நாலு வருஷம் விட்டேன், எண்ணிக்கொண்டே விட்டேன். இப்படியே சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து முட்டியது நினைப்பு, நூல் சிக்கிக்கொண்ட மாதிரி. இழுத்தால் இறுகுகிறது. தெரியாமல் தாலியை இழந்தவளுக்கு ஊர் அழும், தெரிந்து இழந்தவளுக்கு யார் அழுவார்கள். தூ, என்ன நினைப்பு இது, நட்ட நடு மத்தியானத்தில். முப்பது. தட்டில் பார்த்தாள், இருபத்தைந்து பீடிக் கட்டு ஒன்று முடிந்து அடுத்ததில் மூன்று நாலு கிடந்தது. இந்த டவருக்கு ஒன்றரைக் கட்டு என்பது அவள் கணக்கு. தூறல் விழுந்து ஜன்னல் கம்பியில் சொட்டு கோத்து நின்றது. அங்கேயும் தூறுகிறதா, கம்பி வழுக்குமா என்று காதைக் கொடுத்தாள். காற்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு அவளிடம் வெளியில் சொல்லுகிற பதில் ஒன்று உண்டு, ஆம்பிளை வேலை, அவர்களுக்குத் தெரியாததா என்று. அது பொய். உள்ளே ஒரு பதில் இருக்கிறது, அதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. முப்பத்திரண்டு. பதின்மூன்று வயதில், சித்திரை வெயிலில், சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ரூம் மேலே ஏறி நின்றாள். கீழே தண்ணீர் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது. அண்ணன்மார் மூன்று பேர் அந்தக் கூரையில் நின்று யோசித்து யோசித்து இறங்கிப் போயிருந்தார்கள். இவள் பாவாடையை இரண்டு காலுக்கும் நடுவே முடிந்துகொண்டு குதித்தாள். காற்றில் இருக்கும்போது எண்ணிப் பார்த்தாள், ஒன்று என்றாள், இர என்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றரைதான் கிடைத்தது. அடிவயிற்றில் யாரோ ஐஸ் கையை வைத்து எடுத்த மாதிரி, பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாதது, தலை முதல் கால் வரை தான் மட்டுமே இருந்தது, அம்மா இல்லை, ஊர் இல்லை, பெண் பிள்ளை என்பதே இல்லை. ஏறி வந்ததும் அம்மா விளக்குமாறு பிய்கிற வரை அடித்தாள். அடுத்த வாரம் தாவணி போட்டார்கள், கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்றார்கள், அப்புறம் பீடித் தட்டு மடியில் வந்தது. செத்துப் போகிறதுக்கா பிள்ளையைப் பெத்தேன் என்று அம்மா கேட்டது நியாயம்தான். நியாயம் தெரிந்த பிறகும் அந்த ஒன்றரையை அவள் விட்டுக்கொடுத்ததில்லை, யாராவது திருப்பிக் கேட்டால் கொடுக்கவும் மாட்டாள். அவளுக்கு ஆயுசில் ஒன்றரை, அவனுக்கு ஒவ்வொரு உச்சியிலும் பதினொன்று. அந்தப் பதினொன்றில் அவளும் இருப்பாள். கை நின்றுவிடும், கண் மூடிவிடும், பாயில் உட்கார்ந்திருக்கிற உடம்புக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. ஒருதடவை பதின்மூன்று வரை போய்விட்டது, அன்று சாயங்காலம் காரணமே இல்லாமல் அவனோடு சண்டை பிடித்துத் தட்டைத் தூக்கி எறிந்தாள். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. ஆனால் அந்தப் பதின்மூன்றுக்காக அவள் பெருமைப்பட்டாள், இதுதான் உண்மை, வெட்கம் கெட்ட உண்மை. பயம் என்றால் அப்படிப் பயம், பெருமை என்றால் அப்படிப் பெருமை. தகுமா தகாதா என்று யாராவது தராசில் வைத்துக் கேட்டால், ஒன்பது நாளைக்கு முந்தி தகும் என்றிருப்பாள். இப்போது தராசின் அந்தத் தட்டில் எஸ்தர் உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தெட்டு. காற்று ஒரேயடியாக ஊளையிட்டது. முப்பத்தொன்பது. இன்னும் ஒரு ஆள் உயரம்தான், அதற்கு மேல் வேறொன்றும் இல்லை அங்கே, இடி தாங்கிக் கம்பியும் வானமும்தான். டக். நாற்பது.

அவள் நூலை வைத்துவிட்டாள். இன்று கழற்ற மாட்டான். ஜெபசிங்கின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கினவன், இன்று எப்படிக் கழற்றுவான். மூச்சுச் சத்தம் கேட்டது, அது மெதுவானது, மெதுவாகி நிதானத்துக்கு வந்தது. கிளிக். சரி, இன்னொரு கம்பியில் மாட்டப் போகிறான், வசதியாக நிற்க. கிளிக். அவ்வளவுதான். ஒன்று. ஜெபசிங்குக்காக நிற்கிறானா, ஜெபசிங்கை ஜெயிக்க நிற்கிறானா, இல்லை எதற்காகவும் இல்லாமல் வழக்கம்போல நிற்கிறானா. இரண்டு. அடிவயிற்றில் அந்த ஐஸ் கை வந்தது, இந்தத் தடவை வைத்த கையை எடுக்கவில்லை. மூன்று. பேசினால் திடுக்கிடுவான், திடுக்கிட்டால் போயிற்று. பேசாவிட்டால் பதினொன்றில் மாட்டிவிடுவான், எப்போதும் மாட்டுகிறவன்தானே, ஜெபசிங்கும் எப்போதும் மாட்டினவன்தான். நான்கு. மேலே நிற்கிறவனைக் கூப்பிட ஒரு முறை உண்டு என்று அவனே சொல்லியிருக்கிறான், சத்தம் போடக் கூடாது, காதோடு பேசுகிற மாதிரி, முதலில் யார் என்று சொல்ல வேண்டும், அவன் ஏற்கனவே நினைத்துக்கொண்டிருப்பதையே சொல்ல வேண்டும். ஐந்து. அவன் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பான். அவளுக்குத் தெரியும், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். போனை எடுத்து வாயருகில் வைத்துக்கொண்டாள்.

"நான்தாங்க," என்றாள், பிள்ளையைத் தூங்கப் போடுகிற குரலில். "ஆறு." காற்று. "ஏழு." காற்று. "எட்டு."

டக். அப்புறம் இன்னொரு டக். அந்த இரண்டாவது டக் வந்த பிறகுதான் தன் கையிலிருந்த பீடி தூள் தூளாக நொறுங்கியிருப்பதைப் பார்த்தாள்.  அவன் பேசினபோது திருட்டு மாங்காயோடு பிடிபட்டவன் குரல் மாதிரி இருந்தது.

"எப்பயிருந்து எண்ணுத?"

நாலு வருஷமாக என்றாள். எந்தப் பொங்கல், எந்த டவர் என்பதையும் சொன்னாள். பதின்மூன்றுக்குப் போன நாளையும் சொன்னாள், அன்றைக்குப் பறந்த தட்டுக்கு அதுதான் காரணம் என்றும். அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"பெறகு ஏன்ட்டி ஒரு வார்த்தை கேக்கல?"

ஆம்பிளை வேலை என்கிற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"எனக்கும் வேண்டியிருந்துச்சு," என்றாள். சொன்னதும் கண் நிறைந்துவிட்டது. "எஸ்தருக்குத் தெரியாதாம். எனக்குத் தெரியும்லா. இனிமே முடியாதுங்க. ஒண்ணை மாட்டிக்கிட்டு நில்லுங்க. எம்புட்டு நேரம் வேணும்னாலும் நில்லுங்க, நான் எண்ணுதேன்."

"ஒண்ணை மாட்டிட்டா அது அது இல்ல உலகு."

"தெரியும். கெணத்துல குதிச்சவதான் நானும்."

கிணற்றுக் கதையை அவள் அவனிடம் சொன்னதில்லை. பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவன் எந்தக் கிணறு என்று கேட்கவில்லை, எத்தனை அடி என்று கேட்டான். நாற்பது இருக்கும் என்றாள். ஆத்தாடி என்றான், மரியாதையோடுதான் சொன்னான். டவரில் ஏறுகிறவன் வாயிலிருந்து அப்படி ஒரு ஆத்தாடி வாங்கினவள் சுரண்டையில் வேறு யார் இருக்கிறாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன் இறங்கவில்லை. ஹூக்கு மாட்டியபடி நின்றான், காற்று அடித்தது, அவள் எண்ணினாள். பதினொன்று வந்தது, போனது. இருபது. முப்பது. அடிவயிற்றில் ஒன்றும் இல்லை, அந்த ஐஸ் கை வரவில்லை, இனி வராது, அது அவளுக்கும் தெரிந்தது, அங்கே நிற்கிற அவனுக்கும் தெரிந்திருக்கும். எதையோ அடக்கம் பண்ணிவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. ஆனாலும் நிற்கிறானே. கழற்றி நிற்க எத்தனையோ பேர் இருப்பார்கள், கழற்றத் தெரிந்தும், கழற்ற ஆசைப்பட்டும், அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக மாட்டிக்கொண்டு நிற்கிறான். நெஞ்சு அவளுக்கு முன்னெப்போதையும்விட நிமிர்ந்தது. அறுபதில் எண்ணுவதை விட்டாள். நம்ம வீடு தெரிகிறதா என்று கேட்டாள், இத்தனை தூரத்துக்கு எப்படித் தெரியும், தூறல் வேறு என்றான். கொஞ்ச நேரம் கழித்து, பச்சையாக ஏதோ தெரிகிறது என்றான். பொய்தான், இருந்துவிட்டுப் போகட்டும். இறங்குங்க, காற்று கூடுது என்றாள். ஏறும்போது ஹூக்கு மாட்டுகிறவர்கள் இறங்கும்போது பாதியை விட்டுவிடுவார்கள், அவனும் அப்படித்தான், நாற்பது டக்கில் ஏறினால் இருபது டக்கில்தான் இறங்குவான். இதையும் நாலு வருஷமாக அவள் கேட்டிருக்கிறாள். புது இலை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கிளிக் என்றது. டக் என்றது.

"ஒண்ணு," என்றாள் வாய்விட்டு.

"கேக்குது," என்றான் அவன்.